பன்னிரண்டாம் மைலில் ஓர் அடுப்பு

...தண்ணீர் இருக்கிறது, அப்புறம் என்ன, தண்ணீர் இருந்தால் மற்றதையெல்லாம் மனுஷன் பார்த்துக்கொள்ள மாட்டானா என்று நினைத்தபோது பரமசிவத்தின் வலது கை முழங்கை வரை குழிக்குள் இருந்தது, விரல் நுனியில் சில்லென்று ஈரம் ஊறிக்கொண்டிருந்தது, ஊறுகிறது, தானாகவே ஊறுகிறது, கடப்பாரை வேண்டாம், வெடி வேண்டாம்... இராமநாதபுரத்துச் சீமையில் அவன் அப்பாவும் சித்தப்பாவும் மூன்று கோடை தோண்டின கிணற்றில் நாற்பதடிக்குக் கீழே பாறைதான் பல்லைக் காட்டியது, அந்த மண்மேட்டில் உட்கார்ந்து அப்பா அழுததை அவன் பார்த்திருக்கிறான், அன்றைக்கு அவனுக்கு எட்டு வயது. இங்கே என்னடாவென்றால் ஒரு முழம் தோண்டவில்லை, தண்ணீர் வாசலுக்கு வந்து வாங்க வாங்க என்கிறது. தோண்டிய மண்ணைத் திரும்பக் குழிக்குள் தள்ளினான், தள்ளி மிதித்தான், குழி நிரம்பியும் இரண்டு கை மண் மிஞ்சியது, மிஞ்சினால் குடியேறலாம், குறைந்தால் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும், மனை பார்க்கிறவர்கள் சொல்வது அதுதான். மிஞ்சிற்றே! அவனுக்குச் சிரிப்பு வந்தது, தனியாகவே சிரித்தான், நிலத்துக்காரர் குடை எடுக்க வீட்டுக்குள் போயிருந்தார், செம்பவாங் ஆற்றுப் பக்கத்து அந்த நாலு ஏக்கரில் அதைக் கேட்க அவனுடைய இரண்டு மாடுகளும் செவலைப் பசுவும் அதன் கன்றும்தான் இருந்தன.

செராங்கூன் ரோட்டில் அவனுக்குப் பஞ்சம் பரமசிவம் என்று பெயர். வண்டிக்காரர்கள் வைத்த பெயர், வைத்தவன் துரைசாமிதான், சந்தேகமே இல்லை... வைக்கட்டும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் சண்டை மூண்டு, ஜெர்மன்காரன் கப்பல் கடலில் திரிகிறது என்று சரக்குக் கப்பல்கள் வராமல் போனபோது முதலில் அரிசி மூட்டை வாங்கிப் போட்டவன் யார், அடுத்த வருஷம் சிப்பாய்கள் வெள்ளைக்காரன் மேலேயே துப்பாக்கியைத் திருப்பிக்கொண்டு ஊரெல்லாம் கதவைச் சாத்தியபோது யார் வீட்டில் உப்பும் பருப்பும் இருந்தது, துரைசாமி வீட்டிலா, போன வருஷம் விஷக்காய்ச்சலில் தெருவே படுத்துக் கிடந்தபோது யார் வீட்டுக் கஞ்சி எத்தனை வீட்டுக்குப் போயிற்று... இப்போது அரிசிக்கு வரிசை, கடைக்குக் கடை வரிசை, அளந்து கொடுக்கிற அரிசியில் பாதி குருணை, மரவள்ளிக் கிழங்கு தின்னுங்கள் என்று சர்க்கார் சொல்கிறது, இப்போது சிரிக்கட்டுமே பார்ப்போம். பரமசிவத்துக்கு இதெல்லாம் ஜோசியம் இல்லை. பதினாலு வருஷமாக ஆற்றங்கரைக் கிட்டங்கிகளிலிருந்து அரிசி மூட்டையை ஏற்றிச் செராங்கூன் ரோட்டுக் கடைகளில் இறக்குகிறவன் அவன், கிட்டங்கியின் பின்சுவர் கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்பதை ஊருக்கு முன்னால் பார்க்கிறவன் அவன். ஒரு நாள் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது திடீரென்று உறைத்தது, இந்த ஊரில் ஒரு நெல்மணி விளையவில்லை. ஒன்றே ஒன்றுகூட இல்லை. இத்தனை லட்சம் வாயும் கப்பலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அன்றைக்குப் பிடித்தது அவனுக்கு, பெண்டாட்டி பூவம்மா சொல்வாள் பேய் பிடித்தது என்று, பிடித்துவிட்டுப் போகட்டும், இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு கப்பலைப் பார்த்துக்கொண்டிருக்க அவனால் முடியாது.

ஆகவே இது வேடிக்கை பார்க்க வந்த பயணம் இல்லை. வீட்டையும் மாட்டுக்கொட்டிலையும் திங்கட்கிழமை துரைசாமியே எடுத்துக்கொள்கிறான், சொல்லியாயிற்று, பஞ்சம் பரமசிவத்தின் கொட்டிலுக்குத்தான் அவனுக்கும் ஆசை, அவன் மாடுகளும் முட்டாள் இல்லை. ஒருமுறை உள்ளே கட்டினால் துரைசாமி அவிழ்ப்பவன் இல்லை. இங்கே வந்து சரிப்படவில்லை என்றால் திரும்பிப் போக இடம் கிடையாது, அதனால்தான் பார்த்துப் பார்த்து... பார்க்கத்தான் பார்த்தான், காலை ஒன்பது மணிக்குப் பன்னிரண்டாம் மைல் கல்லைத் தாண்டி ரப்பர் தோட்டத்து வழியாக வண்டியை இறக்கியதிலிருந்து அவன் வாய் ஓயவில்லை, நிலத்துக்காரர் நெய்னா முகம்மது மரைக்காயர் குடையைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னாலேயே சேற்றில் நடந்தார். வெள்ளம் ஏறுமா? ஆற்றோரம் ஏறும், வீடு மேட்டில் இருக்கிறது. உப்பு? கிணற்றில் இல்லை. குளிர்ஜுரம்? தொட்டியை மூடி வைத்தால் இல்லை, கொசு தேங்கின தண்ணியில்தான்... பன்றி? வரும், வேலி வேண்டும். திருடன்? எங்கிருந்து வருவான் தம்பி, இங்கே வருவதற்குள் அவனுக்கே பசித்துவிடும். பக்கத்தில் ஆள்? ஆற்று முகத்தில் மலாய்க்காரர் கம்போங், ஒரு கூப்பிடு தூரம், தோட்டத்துக் கூலி லயத்தில் நம் ஜனங்கள். தென்னை காய்க்கிறது, பலா இரண்டு, மரவள்ளி தோண்டத் தோண்ட வருகிறது, ஆற்றில் மீன், கோழி தானே மேய்ந்துவிட்டு வருகிறது. பரமசிவம் ஒவ்வொன்றாக விரல் மடக்கினான், இரண்டு கையும் மடங்கிப்போயிற்று. ஒரு கேள்வி பாக்கி, அதைத்தான் கெட்டிக்காரன் கடைசியில் கேட்பான்.

"இவ்வளவும் இருக்க, நீங்க ஏன் மரைக்காயரே வுட்டுட்டுப் போறீங்க?"

"எங்க வூட்டுக்காரிக்கு இருமல் தம்பி. ஆமினா பீவிய ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே மக வூட்டுக்கு அனுப்பிட்டேன். ரபியா நல்லாப் பாத்துக்கறா. எனக்கும் இங்க தனியா என்ன வேல?"

இருமல். சரி. வயசான மனுஷி, கார்த்திகை மழை, ஈரக்காற்று, இருமத்தான் செய்வாள், பூவம்மாவுக்கு முப்பதுதான் ஆகிறது, இரும்பு உடம்பு, காய்ச்சல் வருஷத்திலும் படுக்காதவள்... அந்தக் கேள்வியும் மடங்கியது. வீட்டைக் காட்டினார். அத்தாப்பு ஓலைக் கூரை, பலகைச் சுவர், ஏணிப்படி ஐந்து, பின்னால் தாழ்வாக ஒரு அடுப்பங்கரை. உள்ளே தலையைக் குனிந்து நுழைந்தவன் நிமிர்ந்து பார்த்து அசந்துபோனான், கூரையெல்லாம் கரி, சுவரெல்லாம் கரி, விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்கிற கெட்டிக் கரி, அடுப்புக்கு மேலே கட்டியிருந்த மூங்கில் பரணும் தார் பூசினதாட்டம் கறுத்திருந்தது. எத்தனை ஆக்கியிருந்தால் இத்தனை கரி படியும்! அடுப்பு ஓயாத வீடு இது. தின்ன வழியில்லாத வீட்டில் கூரை வெள்ளையாகத்தான் இருக்கும், அவன் பிறந்த வீட்டுக் கூரை எட்டு மாசம் வெள்ளையாக இருந்ததை அவன் மறக்கவில்லை. கரி பட்ட விரலை வேட்டியில் துடைக்க மனம் வராமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான், சந்தோஷமாக இருந்தது, சொல்லக் கூச்சமாகவும் இருந்தது. மரைக்காயர் படியில் நின்றபடி என்னமோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் இவன் கொட்டில் எங்கே போடலாம் என்று ஆரம்பித்துவிட்டான், அவரும் குடையை மடக்கிக்கொண்டு கொட்டில் பேச்சுக்கு வந்துவிட்டார்.

மனுஷனை நம்பலாம், பசுவை அதைவிட நம்பலாம். அதற்காகத்தான் கன்றை வண்டியில் ஏற்றி, செவலையைப் பின்னால் கட்டி, விடியுமுன் கிளம்பியது. கிணற்றுத் தண்ணீரை இறைத்து மரவாளியில் வைத்தான். செவலை முகர்ந்தது. தலையைத் தூக்கி ஒரு தடவை ஆற்றைப் பார்த்தது... அப்புறம் குனிந்தது பார், ஒரே உறிஞ்சலில் பாதி வாளி. உப்பு லேசாக இருந்தாலும் மூக்கைச் சுளிக்கிற மாடு, செராங்கூன் ரோட்டில் முனிசிபல் குழாய்த் தண்ணீருக்கே முகத்தைத் திருப்புகிற மகாராணி! அந்தக் கணமே முடிவாகிவிட்டது. மரைக்காயர் மதியத்து லுஹர் தொழுகைக்குக் கம்போங் பள்ளிக்குப் போக வேண்டும், அதற்கு முன்னால் சொல் வேண்டும், நாளைக் காலை இன்னொருவர் வருகிறார், ரப்பர் நட நிலம் கேட்கிறவர். பரமசிவம் மடியிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்தான், வண்டித் தட்டில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினான், மரைக்காயர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், ஒரு வெற்றிலையை அவனுக்குத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். வெற்றிலை மாற்றிக்கொண்ட பிறகு காகிதம் எல்லாம் சும்மா ஒரு பேச்சுக்கு. அவர் போனார். பாலை மட்டும் காய்ச்சிவிட்டால் முடிந்தது.

பால் பூவம்மாவின் ஏற்பாடு. அவள் வரவில்லை, சின்னவளுக்கு உடம்பு சூடு, "நீங்க பாத்தா நான் பாத்த மாதிரி" என்று சொல்லிவிட்டாள், சொல்லிவிட்டு அவன் வண்டி ஏறும்போது பித்தளைச் சொம்பைக் கொண்டுவந்து நீட்டினாள். "அங்க போய் செவலையக் கறந்து, மூணு கல்லு வெச்சுக் காய்ச்சுங்க. பொங்கணும். எந்தப் பக்கம் வழிஞ்சிச்சின்னு பாத்து வந்து சொல்லுங்க. கிழக்கயோ வடக்கயோ வழிஞ்சா சட்டி பானையக் கட்டறேன், வேற பக்கம் வழிஞ்சா நா வரல." குடிபோகிற அன்றைக்குப் பெண்கள் காய்ச்சுகிற பாலை நிலம் பார்க்கப் போகிற ஆண்பிள்ளை காய்ச்சுவது எங்கேயாவது உண்டா என்று கேட்டதற்கு, எங்கேயாவது உண்டா நாலு மூட்டை அரிசியைக் கட்டிலுக்கடியில் போட்டுக்கொண்டு தூங்குவது என்றாள். அவளோடு பேசி ஜெயிக்க முடியாது. பதினைந்து வருஷத்தில் ஜெயித்ததில்லை. ஆனால் பார்க்கிறதைப் பார்த்தவன் நான், பால் என்ன செய்துவிடும் என்று தைரியமாகத்தான் கறந்தான், கன்றை விட்டு இழுத்து, செவலை கஞ்சத்தனம் பண்ணாமல் முக்கால் சொம்பு கொடுத்தது. மழை நின்றிருந்தது. அடுப்பங்கரை இறவாணத்தடியில் மூன்று கல் வைத்தான், கிழக்கு எது என்று ஒருதரம் பார்த்துக்கொண்டான், சொம்பை வைத்தான். சுள்ளி பொறுக்கப் போனான்.

தென்னை மட்டை கிடந்தது, எத்தனையோ கிடந்தது, தூக்கினால் அடியில் சொதசொதவென்று. பலாக் கிளை ஒன்று, பட்டைக்குள்ளே காளான். ரப்பர் தோட்டத்து ஓரத்தில் முறிந்து விழுந்த கொம்பு, கையில் முறுக்கினால் தண்ணீர் சொட்டுகிறது, இதென்ன மரமா வேட்டியா... சரி, உள்ளே காய்ந்திருக்கும், எரிய எரியப் பிடித்துக்கொள்ளும். தேங்காய் நாரைப் பிய்த்து வைத்து நெருப்புக்குச்சியைக் கிழித்தான். அணைந்தது. இன்னொன்று. நார் முனை சிவந்தது, சுருண்டது, ஒரு நூல் புகை எழுந்தது, ஆகா என்று குனிந்து ஊதினான், ஊத ஊதப் புகை, வெள்ளையாக, தடியாக, கண்ணையும் மூக்கையும் தேடிக்கொண்டு வருகிற புகை, தீ மட்டும் வரவில்லை. நகர்ந்து உட்கார்ந்தான், புகையும் நகர்ந்தது. மண்ணெண்ணெய் இருந்தால் ஒரு சொட்டு... மண்ணெண்ணெயும் கப்பலில்தானே வருகிறது, சீ. இருமினான். இருமி முடித்து, கண்ணைத் துடைத்து, மறுபடி ஊதி, மறுபடி இருமி, குச்சிப்பெட்டியை உலுக்கிப் பார்த்தான், நாலோ ஐந்தோ. பரமசிவத்துக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று வண்டி நெரிசலில் மாட்டைப் பின்னுக்கு ஓட்டி எடுக்கிறவன், துறைமுகத்துக் கங்காணியை வாயடைத்தவன், ஒரு சொம்புப் பாலுக்கு முன்னால் குந்திக்கொண்டு கண்ணீர் விடுகிறான், நல்லவேளை துரைசாமி பார்க்கவில்லை.

பூவம்மா எப்படிச் செய்கிறாள்... விடியற்காலையில் அவன் கண் விழிக்கும்போது அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். அதற்கு முன்னால் என்ன நடக்கிறது? அவள் ஊதி அவன் பார்த்திருக்கிறானா? விறகு கட்டுக் கட்டாக வாசலுக்கு வருகிறது, சீனன் கைவண்டியில் கொண்டுவந்து போடுகிறான், பிளந்தது, காய்ந்தது, தட்டினால் டங்கென்று சத்தம் கேட்கும். அவள் ஒவ்வொன்றையும் தட்டித்தான் வாங்குவாள். சத்தம் வராததைத் திருப்பிப் போடுவாள், அதற்கொரு சண்டை தினமும், மலாயில் இவளும் சீனத்தில் அவனும், இவன் மாட்டைப் பூட்டிக்கொண்டே சிரித்திருக்கிறான், விறகைப் போய்த் தட்டிப் பார்க்கிறாளே இந்தப் பொம்பளை என்று... இராமநாதபுரத்தில் யார் விறகைத் தட்டினார்கள், அங்கே மரம் நிற்கும்போதே காய்ந்துதானே நிற்கும், உடைமுள்ளை ஒடித்து வைத்தால் பற்றிக்கொள்ளும், அம்மா தண்ணீருக்குத்தான் இரண்டு மைல் நடந்தாள், நெருப்புக்கு ஒருநாளும் நடந்ததில்லை. அவன் எழுந்தான். சுற்றிலும் பார்த்தான். இலை நுனியெல்லாம் சொட்டுகிறது, மண் சொட்டுகிறது, கூரை சொட்டுகிறது. நாலு ஏக்கரில் காய்ந்த பொருள் ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது, அவன் வண்டி.

யோசிக்கவில்லை, யோசித்தால் செய்திருக்க மாட்டான். சாக்குப் படுதாவுக்கு அடியில் நனையாமல் இருந்த பக்கத்து முளைக்கம்பு ஒன்றை ஆட்டி உருவினான், செராங்கூன் ரோட்டுத் தச்சன் செதுக்கிக் கொடுத்தது, வருஷக்கணக்கில் வெயில் குடித்து இறுகிய கம்பு, கல்லில் தட்டினான், டங். வெட்டரிவாளால் பிளந்து சிராயாக்கி, மிச்சத்தைத் துண்டாக்கிக் கல்லுக்குள் செருகி, குச்சியைக் கிழித்து நீட்டினான். பற்றிக்கொண்டது! எத்தனை அழகு, சத்தமில்லாமல், புகையில்லாமல், மஞ்சளாக. சொம்பின் அடி கறுத்தது, பால் ஓரத்தில் முத்து முத்தாகக் கட்டியது, நடுவில் ஒரு நடுக்கம், அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தான், ஏறு, ஏறு, ஏறியது, விளிம்பில் ஒரு கணம் தயங்கி நின்று, வழிந்தது... கிழக்கே. சுத்தமாகக் கிழக்கே, ஆற்றுப் பக்கம், சந்தேகத்துக்கே இடமில்லை. "பூவு!" என்று கத்திவிட்டான், செவலை திரும்பிப் பார்த்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, இது புகைக்கு இல்லை. வழிந்த பால் நெருப்பில் விழுந்து சுர்ரென்றது, தீ படுத்தது, சாம்பல் களியாயிற்று. இருக்கட்டும், பொங்கிவிட்டதே, இனி யார் என்ன சொல்ல முடியும்.

மரைக்காயர் வந்தபோது அவன் சொம்பைத் துணியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு தொன்னையில் பால் ஊற்றிக் கொடுத்தான், பிஸ்மில்லா சொல்லிக் குடித்தார், குடித்துவிட்டு மூன்று கல்லைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், முளைக்கம்பு இருந்த ஓட்டையைப் பார்த்தார். பெரிய மனுஷர், சிரிக்கவில்லை.

"வெறகு காயாது தம்பி இந்த மாசத்துல. ஆத்தோரத்து பக்காவ் மரத்துக் கட்டைய மழைக்கு முன்னாடியே வெட்டிப் பொளந்து பரண்ல ஏத்திடணும். ரெண்டு மாசம் கெடந்தாத்தான் எரியும். எனக்குத்தான் இப்ப வெட்ட ஒடம்பு ஓடல. போன மழைக்கும் முடியல, அதுக்கு முந்தின மழைக்கும் முடியல. ஈர வெறகுதான். அவ ஊதி ஊதி ஆக்கிப் போட்டா."

"இத நீங்க சொல்லவே இல்லையே மரைக்காயரே."

"நீங்க தண்ணியப் பத்தித்தானே கேட்டீங்க" என்றார் அவர், குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். "கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன்."

கேட்டதுக்கெல்லாம் சொன்னார், உண்மைதான், ஒரு பொய் சொல்லவில்லை. பரமசிவம் மாட்டைப் பூட்டினான், கன்றை ஏற்றினான், செவலையைக் கட்டினான். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. விறகுதானே, மனுஷன் பார்த்துக்கொள்ள மாட்டானா, திங்கட்கிழமை வரும்போது சீனனிடமே ஒரு பாரம் காய்ந்த விறகு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தால் தையில் மழை விட்டுவிடும், அதற்குள் பக்காவ் வெட்டிப் பரணில் ஏற்றி... டவுனிலிருந்து விறகு. டவுன் வேண்டாம் என்று வருகிறவன் டவுனிலிருந்து விறகு ஏற்றிக்கொண்டு வருகிறான், துரைசாமிக்குத் தெரிந்தால் செத்தான். பரவாயில்லை. ஒரு பாரம். முதல் மழைக்கு மட்டும். கம்பு இல்லாத பக்கம் வண்டி கடகடவென்றது. படியடியில் தலையைத் திருப்பி அடுப்பங்கரையைப் பார்த்தான், தாழ்ந்த கூரை, உள்ளே அந்தக் கறுப்பு. அடுப்பு ஓயாத வீடு என்று நினைத்தானே... ஓயாதது அடுப்பா, புகையா? விரலைப் பார்த்தான், காலையில் பட்ட கரி இன்னும் போகவில்லை, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது, முகர்ந்தான், தொண்டையில் அதே காறல், ஒரு சொம்புப் பாலுக்கு அவன் இருமிய அதே இருமல் நெஞ்சிலிருந்து எழுந்து வந்தது, வண்டியிலேயே குனிந்து இருமினான்.

மைல் கல்லைத் தாண்டி ரோட்டில் ஏறிய பிறகும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான், கிழக்கே வழிஞ்சிச்சு பூவு, என் கண்ணால பாத்தேன், செவலை அரை வாளி குடிச்சிச்சு, குழி நெறஞ்சு ரெண்டு கை மண்ணு மிஞ்சிச்சு... எல்லாம் நிஜம், ஒன்றுகூடக் கூட்டிச் சொல்லவில்லை, அவள் கேட்டதுக்கெல்லாம் பதில் இருக்கிறது. எந்தப் பக்கம் வழிந்தது என்றுதானே கேட்டாள். அவள் வாசலில் நிற்பாள், சொம்பை வாங்கிக்கொள்வாள், அதன் அடியைத் திருப்பிப் பார்ப்பாள், எப்போதும் பார்ப்பாள், பார்த்துவிட்டுக் கிழக்கா மேற்கா என்று கேட்குமுன் எந்த விறகில் காய்ச்சினீங்க என்று கேட்பாளோ... கேட்காமல் இருந்துவிட்டால்? கேட்காவிட்டால் சொல்ல வேண்டாமா? மாடுகள் வீட்டுப் பக்கம் என்றதும் தாமாகவே நடையை எட்டிப் போட்டன, அவன் கயிற்றை இழுத்துப் பிடித்தான்.